பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லாத ஏதென்ஸ் எப்படி மக்களாட்சி ஆனது?

கேள்வி இதுதான்: மக்களாட்சி ஏதென்ஸில் பிறந்தது என்கிறார்கள், ஆனால் அங்கே பெண்களுக்கு ஓட்டு இல்லை, அடிமைகளுக்கு இல்லை, வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் இல்லை, அப்புறம் அது என்ன மக்களாட்சி, பாடப் புத்தகத்தில் சும்மா பெருமைக்கு எழுதி வைத்ததா?

சும்மா இல்லை. ஆனால் நாம் நினைக்கிற மக்களாட்சியும் இல்லை. வழக்கமாக இதற்கு இரண்டு பதில்கள் வரும். "அந்தக் காலத்துக்கு அதுவே பெரிய விஷயம்" என்பது ஒன்று. "கொஞ்சம் ஆண்கள் சேர்ந்து நடத்திய கிளப்" என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் ஏதென்ஸ் புரியாது. உள்ளே இருந்த ஏழைக்கு அந்த நகரம் அள்ளிக் கொடுத்ததும், வெளியே நின்றவன் முகத்தில் கதவைச் சாத்தியதும் ஒரே கதையின் இரண்டு பக்கம். குடியுரிமைக்கு மதிப்பு கூடக் கூடத்தான் கதவும் இறுகியது. கீழே சொல்லும் ஆண்டுகள் எல்லாம் கி.மு., ஒவ்வொரு முறையும் போடவில்லை.

முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடலாம். தேமோஸ் என்பதும் கிராட்டோஸ் என்பதும் சேர்ந்துதான் தெமோக்ராத்தியா. கிராட்டோஸ் என்றால் பிடி, அதிகாரம். தேமோஸை 'மக்கள்' என்று மொழிபெயர்க்கிறோம், தப்பில்லை, ஆனால் அதே சொல்லுக்குக் கிராமம் என்றும் பொருள் உண்டு. தமிழில் அச்சு அசலாக இப்படி ஒரு சொல் இருக்கிறது: ஊர். "ஊர் கூடி முடிவு பண்ணியாச்சு" என்றால் மனிதர்கள், "ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம்" என்றால் இடம். ஊரில் குடியிருக்கிறவர்கள் எல்லாரும் 'ஊர்' ஆகிவிட மாட்டார்கள், ஊர்க்கூட்டம் என்றால் யார் நடுவில் உட்காருவார்கள், யார் தள்ளி நிற்பார்கள் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏதென்ஸ்காரர்களின் தேமோஸும் அப்படித்தான்.

இதற்கு அடித்தளம் போட்டவர் கிளைஸ்தனிஸ். 510இல் ஸ்பார்ட்டாப் படையின் உதவியோடு ஹிப்பியாஸ் என்ற கொடுங்கோலனை விரட்டினார்கள். அடுத்து பெரிய குடும்பங்களுக்குள் பதவிச் சண்டை. அதில் தோற்கும் நிலையில் இருந்த கிளைஸ்தனிஸ் சாதாரண மக்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு 508/507இல் அமைப்பையே மாற்றிவிட்டார். நகரத்தையும் சுற்றியுள்ள அத்திக்கா நாட்டையும் சேர்த்து மொத்தம் 139 ஊர்கள். இந்த ஊர்களைக் கடற்கரை, உள்நாடு, நகர்ப்பகுதி என்று மூன்றாகப் பிரித்து, மூன்றிலிருந்தும் ஒவ்வொரு துண்டு எடுத்துச் சேர்த்துத் தைத்த மாதிரி பத்துப் பிரிவுகளை உண்டாக்கினார். மீனவனும் மலையடிவாரத்து விவசாயியும் நகரத்துக் குயவனும் ஒரே பிரிவில் வந்தார்கள், ஒரே வரிசையில் நின்று போருக்கும் போனார்கள். ஒரு வட்டாரத்தையே கைக்குள் வைத்திருந்த பெருங்குடும்பங்களின் பிடி இதனால் தளர்ந்தது.

உங்களுடைய குடியுரிமை உங்கள் ஊர்ப் பதிவேட்டில்தான் இருக்கும். ஊர் என்றால் இப்போது வசிக்கிற ஊர் இல்லை, சொந்த ஊர். கிளைஸ்தனிஸ் காலத்தில் உங்கள் மூதாதை எந்த ஊரில் பதிவானாரோ அதுதான், மூன்று தலைமுறையாக நகரத்தில் வாடகை வீட்டில் இருந்தாலும் சரி. பெயரோடு ஊரும் ஒட்டிக்கொள்ளும்: அலோப்பெக்கே ஊர் சாக்ரடீஸ், பையானியா ஊர் டெமாஸ்தனிஸ் என்று.

உள்ளே இருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது இன்றைய எந்தக் குடியரசிலும் இல்லாத அளவு. பினிக்ஸ் என்ற குன்றின் சரிவில் பேரவை கூடும். முக்கியமான சில முடிவுகளுக்குக் குறைந்தது 6,000 பேர் வேண்டும். நான்காம் நூற்றாண்டில் ஆண்டுக்கு 40 கூட்டம். பிரதிநிதி எல்லாம் கிடையாது. போர், சமாதானம், வரி, உடன்படிக்கை எல்லாவற்றுக்கும் வந்து உட்கார்ந்தவர்களே கை தூக்குவார்கள். அறிவிப்பாளர் எழுந்து "யார் பேச விரும்புகிறீர்கள்?" என்று கேட்பார், செருப்புத் தைப்பவர்கூட எழுந்து பேசலாம். கூட்டத்துக்கு வராமல் சந்தையில் வம்பளந்துகொண்டு நிற்பவர்களைச் சிவப்புச் சாயம் தோய்த்த கயிற்றை இழுத்துப் பிடித்துக் குன்றின் பக்கம் விரட்டியதை அரிஸ்டோஃபனீஸ் 425இல் அரங்கேறிய தன் நகைச்சுவை நாடகத்தில் கிண்டல் செய்திருக்கிறார், வேட்டியில் சாயம் பட்டுவிடாமல் ஓடுகிறவர்களை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஏதென்ஸின் நிஜமான விசேஷம் பேரவை இல்லை, சீட்டுக் குலுக்கல். பேரவைக்கு வேண்டிய தீர்மானங்களைத் தயாரித்து, அன்றாட நிர்வாகத்தைக் கவனித்த ஐந்நூற்றுவர் மன்றத்துக்குப் பிரிவுக்கு 50 பேர், எல்லாரும் 30 வயதைத் தாண்டியவர்கள், எல்லாரும் குலுக்கலில் வந்தவர்கள். ஒருவர் வாழ்நாளில் இரண்டு ஆண்டுதான் உட்காரலாம். ஒவ்வொரு பிரிவின் 50 பேரும் ஆண்டில் பத்தில் ஒரு பங்கு காலம் பொறுப்பில் இருப்பார்கள், அந்த 50 பேருக்குள் ஒவ்வொரு நாளும் ஒருவரைக் குலுக்கித் தலைவர் ஆக்குவார்கள். ஒரு பகல், ஒரு இரவு, அவ்வளவுதான் பதவிக்காலம், மறுபடி கிடையாது. அந்த 24 மணி நேரத்துக்கு நகரத்தின் முத்திரையும் பொக்கிஷம் இருக்கிற கோயில்களின் சாவியும் அவர் கையில். ஆலிவ் தோட்டத்துக்காரர் ஒருவர் ஒரு நாள் முழுக்க ஏதென்ஸின் தலைவராக இருந்துவிட்டு மறுநாள் வீட்டுக்குப் போய்விடுவார்.

தேர்தல் என்பது அவர்கள் கண்ணில் பணக்காரர்களுக்குச் சாதகமான முறை. பேர், குடும்பம், பேச்சு சாமர்த்தியம் உள்ளவன்தானே ஜெயிப்பான்? பதவிகளைக் குலுக்கலில் நிரப்புவது மக்களாட்சி, தேர்தலில் நிரப்புவது சிலராட்சி என்பதே பொதுக் கருத்து என்று அரிஸ்டாட்டில் பச்சையாகவே எழுதியிருக்கிறார். தேர்தல் வைத்தது முக்கியமாகப் பத்துத் தளபதிகளுக்கும், பின்னால் சில நிதிப் பதவிகளுக்கும். போர்க்களத்தில் குலுக்கலை நம்ப யாரும் தயாராக இல்லை. ஐந்தாம் நூற்றாண்டின் பெரிய தலைவர் பெரிக்கிளீஸ் செல்வாக்கோடு இருந்ததும் ஆண்டுக்கு ஆண்டு தளபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதால்தான்.

நீதிமன்றத்துக்கு ஆண்டுதோறும் 6,000 பேர் பட்டியல். தனித்த நீதிபதி கிடையாது, வழக்கைப் பொறுத்து 201, 401, 501 பேர் உட்கார்ந்து கேட்டு ஓட்டுப் போடுவார்கள். எந்த வழக்குக்கு யார் என்பது அன்று காலையில்தான் தெரியும். அதற்கென்று ஒரு கல் இயந்திரம் வைத்திருந்தார்கள், அதன் துண்டு இன்றும் ஏதென்ஸ் அகோரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆள் உயரக் கல்லில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் பிளவுகள். ஒவ்வொருவரும் பெயர் பொறித்த வெண்கலத் தகட்டைக் கொடுப்பார்கள், அதைப் பிளவுகளில் செருகுவார்கள். கல்லின் பக்கவாட்டில் ஒரு குழாய், அதில் கறுப்பும் வெள்ளையுமாகக் கலந்த காய்களைப் போட்டு ஒவ்வொன்றாக வெளியே விடுவார்கள். வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுக்க உள்ளே, கறுப்பு விழுந்தால் அந்த வரிசை முழுக்க வீட்டுக்கு. யாருக்கு முன்கூட்டியே லஞ்சம் கொடுப்பீர்கள்? தீர்ப்புச் சொல்ல ஆளுக்கு இரண்டு வெண்கல வில்லைகள், நடுவில் பம்பரத்து ஆணி போல ஒரு தண்டு. ஒன்றில் தண்டு துளையுள்ளது, மற்றொன்றில் கெட்டி. துளை வாதிக்கு, கெட்டி பிரதிவாதிக்கு. தண்டின் இரு முனைகளையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு போய்ப் போட்டால் பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட எது விழுந்தது என்று தெரியாது. இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ரகசிய ஓட்டுக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள்.

இதற்காக இவர்களைப் புனிதர்களாக்கிவிட வேண்டாம். ஓடு போட்டு ஆளை நாடு கடத்தும் வழக்கம் ஒன்று இருந்தது தெரியும்தானே, வேண்டாத தலைவர் பெயரை உடைந்த பானை ஓட்டில் கீறிப் போட்டால், அதிக ஓடு விழுந்தவர் பத்து ஆண்டு ஊரை விட்டுப் போக வேண்டும். அக்ரோபோலிஸ் பாறையின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டோக்ளீஸ் பெயர் எழுதிய சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் பதினான்கு பேர்தான் அத்தனையையும் எழுதியிருக்கிறார்கள். யாரோ உட்கார்ந்து மொத்தமாக எழுதி விநியோகம் பண்ணத் தயாராக வைத்திருக்கிறார்கள். கட்சி ஆள் பூத் ஸ்லிப் கொடுக்கிற வேலைக்கு வயது ரொம்ப அதிகம்.

சரி, இப்போது கதவுக்கு வருவோம்.

ஏழை வேலையை விட்டுவிட்டு நாள் முழுக்க நீதிமன்றத்தில் உட்கார்ந்தால் சோற்றுக்கு என்ன செய்வான்? பெரிக்கிளீஸ் காலத்தில் அதற்குத் தினப்படி வந்தது, இரண்டு ஓபோல். பின்னால் கிளியோன் என்ற தலைவர் அதை மூன்றாக்கினார். ஆறு ஓபோல் ஒரு திராக்மா, ஒரு திராக்மா அந்த நூற்றாண்டின் கடைசியில் ஒரு கைவினைஞரின் நாள் கூலி. 403க்குப் பிறகு பேரவைக்கு வருவதற்கும் படி வந்தது. இதெல்லாம் யாருக்கு? குடிமகனுக்கு மட்டும். நிலம் வாங்கவும் குடிமகனால்தான் முடியும். குடியுரிமை இப்போது வெறும் கௌரவம் இல்லை, கையில் காசு, காலடியில் மண். பங்கு பெரிதானால் பங்காளிகளை எண்ணிப் பார்க்கத் தோன்றும் அல்லவா? அதுவரை அப்பா ஏதென்ஸ்காரராக இருந்தால் போதும். 451இல் அதே பெரிக்கிளீஸ் கொண்டுவந்த சட்டப்படி அப்பா, அம்மா இருவருமே ஏதென்ஸ் குடிக்குப் பிறந்திருக்க வேண்டும். குடிமக்கள் எண்ணிக்கை கூடிவிட்டதுதான் காரணம் என்று அரிஸ்டாட்டில் பள்ளியிலிருந்து வந்த அரசியலமைப்பு நூல் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. இந்த விதி முன்பே இருந்திருந்தால் கிளைஸ்தனிஸுக்கே குடியுரிமை கிடைத்திருக்காது, அவர் அம்மா சிக்கியோன் நகரத்துக்காரர். பாரசீகர்களுக்கு எதிரான சலாமிஸ் கடற்போரை வென்று கொடுத்த தெமிஸ்டோக்ளீஸின் அம்மாவும் வெளியூர்தான்.

445 வாக்கில் எகிப்திலிருந்து ஓர் அரசன் ஏதென்ஸ் மக்களுக்கு இனாமாகத் தானியம் அனுப்பினான். குடிமக்களுக்குப் பங்கு என்றதும் யார் குடிமகன் என்ற விசாரணை வெடித்தது, ஆளுக்கு ஆள் புகார். பின்னாளில் தலைவர்களின் வாழ்க்கை வரலாறு எழுதிய புளூட்டார்க் சொன்னபடி ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பேர் போலிகள் என்று தீர்ப்பாகி அடிமையாக விற்கப்பட்டார்கள், 14,040 பேர் மிஞ்சினார்கள். அந்த எண்களை அப்படியே நம்ப வேண்டாம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள், நானும் அந்தக் கட்சிதான். ஆனால் தானியம் வந்ததும் பட்டியலைத் தூசி தட்டினார்கள் என்பதில் சந்தேகம் இல்லை.

பட்டியல் என்றதும் எனக்கு நினைவுக்கு வருகிறவன் யூக்ஸித்தியோஸ். ஏதென்ஸ் குடியுரிமை நடைமுறையில் எப்படி இருந்தது என்று ஒரே ஒரு ஆளை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இவன் போதும். 346/345இல் எல்லா ஊர்களும் தங்கள் பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும், ஒவ்வொரு பெயராக வாசித்து ஊரார் ஓட்டுப் போட வேண்டும் என்று உத்தரவு. யூக்ஸித்தியோஸின் ஊர் ஹலிமூஸ், நகரத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் போலத் தொலைவு. சரிபார்ப்புக் கூட்டத்தை நடத்தியவன் யூபுலிடீஸ், இவனுக்கு ஏற்கெனவே ஆகாதவன். கூட்டம் ஊரில் இல்லை, நகரத்தில். யூபுலிடீஸ் பேசிப் பேசியே பகலை ஓட்டினான். வயதானவர்கள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டுமே என்று கிளம்பிவிட்டார்கள். யூக்ஸித்தியோஸ் பெயர் வாசிக்கப்பட்டபோது இருட்டிவிட்டது. மிச்சம் இருந்தது முப்பது பேருக்கு மேல் இல்லை, எண்ணியபோது விழுந்திருந்த ஓட்டு அறுபதுக்கு மேல்! தன் ஆட்களுக்கு யூபுலிடீஸ் ஆளுக்கு இரண்டு மூன்று கொடுத்திருக்கிறான். யூக்ஸித்தியோஸ் குடிமகன் இல்லை என்று முடிவாகிவிட்டது.

மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அதிலும் தோற்றால் அடிமையாக விற்றுவிடுவார்கள். அவன் துணிந்து போனான். பெரிய பேச்சாளர் டெமாஸ்தனிஸ் பெயரில் வந்திருக்கும் அந்த நீதிமன்றப் பேச்சு முழுதாகக் கிடைத்திருக்கிறது. எதிர்த்தரப்பு சொன்ன குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, உன் அப்பன் பேசும் பேச்சே வேற்றூர்ப் பேச்சு. இரண்டு, உன் அம்மா சந்தையில் ரிப்பன் விற்றாள், இன்னொரு வீட்டுக் குழந்தைக்குப் பால் கொடுக்கும் செவிலியாக இருந்தாள், குடிப் பெண் செய்கிற வேலையா இது?

அவன் பதிலைக் கேளுங்கள். அப்பா ஸ்பார்ட்டாவோடு நடந்த போரில் பிடிபட்டு, விற்கப்பட்டு, பல ஆண்டு வெளியூரில் கிடந்து திரும்பியவர், நாக்கு மாறாமல் எப்படி இருக்கும்? திரும்பி வந்தபோது உறவினர்கள் பங்கைப் பிரித்துக் கொடுத்தார்களே, அந்நியனுக்குக் கொடுப்பார்களா? அம்மா ரிப்பன் விற்றது நிஜம், அப்பா படையில் போயிருந்தபோது பிள்ளைகளை வைத்துக்கொண்டு வறுமையில் செவிலி வேலை பார்த்ததும் நிஜம், ஏழ்மை குற்றமா? சந்தையில் வேலை செய்வதைச் சொல்லிக் குடிமக்களை இழிவுபடுத்தக் கூடாது என்று சட்டமே இருக்கிறதே. அடுத்து அவன் வீசியதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வாதம்: வெளியூர்க்காரர்கள் சந்தையில் கடை போட்டால் தனி வரி கட்ட வேண்டும், என் அம்மா வெளியூர்க்காரி என்றால் அந்த வரியை அவள் கட்டியதாகக் கணக்கில் காட்டுங்கள். இவ்வளவுக்கும் யூக்ஸித்தியோஸ் அந்த ஊருக்குத் தலைவராகவே இருந்தவன்.

கவனியுங்கள், பிறப்புச் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது. மாமன், சித்தப்பா மகன், கூடச் சாமி கும்பிட்டவர்கள், குடும்பக் கல்லறையில் யார் யார் அடக்கமானார்கள் என்று பார்த்தவர்கள், இவர்கள் வாய்தான் ஆவணம். ஒன்பது ஆர்கோன்கள் என்ற மூத்த பதவிகளுக்குக் குலுக்கலில் வந்தவர்களையும் பதவி ஏற்கும் முன் கேட்ட கேள்விகள் இதே ரகம்: உன் அப்பா யார், எந்த ஊர், அப்பாவின் அப்பா யார், அம்மா யார், அம்மாவின் அப்பா யார், குடும்பக் கல்லறை எங்கே இருக்கிறது, பெற்றோரை நன்றாக வைத்துக்கொள்கிறாயா. திறமையைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. ஊர் வாய்தான் பதிவேடு என்றால் ஊர்ப் பகைதான் அதற்கு அழிப்பான். யூக்ஸித்தியோஸ் வழக்கின் தீர்ப்பு எந்தப் பதிவிலும் வரவில்லை.

வெளியே இருந்தவர்களுக்கு வருகிறேன். குடியேறிய வெளியூர்க்காரருக்கு மெத்தோயிக்கோஸ் என்று பெயர். ஆணுக்கு ஆண்டுக்கு 12 திராக்மா, தனித்து வாழும் பெண்ணுக்கு 6 திராக்மா தலைவரி, ஒரு குடிமகன் பொறுப்பாளராக நிற்க வேண்டும், போர் வந்தால் படைக்குப் போக வேண்டும், நிலம் வாங்கக் கூடாது, பேரவைக்குள் நுழையக் கூடாது. பிள்ளை, பேரன் என்று எத்தனை தலைமுறை ஏதென்ஸிலேயே பிறந்தாலும் இதே நிலைதான். லிசியாஸ் என்ற புகழ்பெற்ற பேச்செழுத்தாளர் இந்த ரகம், சிராக்கூஸிலிருந்து பெரிக்கிளீஸ் அழைத்து வந்த குடும்பம், கேடயப் பட்டறை வைத்திருந்தார்கள். 404இல் முப்பது பேர் கும்பல் ஒன்று ஸ்பார்ட்டா துணையோடு ஆட்சியைப் பிடித்தபோது பட்டறையைச் சூறையாடி, அண்ணனுக்கு விஷம் கொடுத்துக் கொன்றார்கள். லிசியாஸ் தப்பியோடி, மக்களாட்சியை மீட்கப் போராடியவர்களுக்குப் பணமும் கேடயமும் அனுப்பினார். 403இல் மக்களாட்சி திரும்பியதும் அவருக்குக் குடியுரிமை கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஆனால் அது ஐந்நூற்றுவர் மன்றத்தின் வழியாக வராத தீர்மானம், எனவே சட்ட விரோதம் என்று ஒருவர் வழக்குப் போட, செல்லாமல் போய்விட்டது. அவர் எழுதிக் கொடுத்ததைப் படித்து மற்றவர்கள் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், ஓட்டுப் போட அவருக்கு ஒரு வில்லை கூடக் கிடையாது.

"குடிமகன் என்பவன் யார்?" என்ற கேள்விக்குத் தெளிவான பதில் எழுதியவர் அரிஸ்டாட்டில், தீர்ப்புச் சொல்வதிலும் பதவியிலும் பங்குள்ளவன் என்றார். அவர் வடக்கே ஸ்டாகிராவில் பிறந்தவர், ஏதென்ஸில் அவரும் மெத்தோயிக்கோஸ். சொந்த இலக்கணப்படி, தான் வாழ்ந்த ஊரில் அவர் குடிமகன் இல்லை.

அடிமைகள் நிலைமை இன்னும் விநோதம். கொடுமை இல்லை என்று சொல்ல வரவில்லை, லாவ்ரியோன் வெள்ளிச் சுரங்கத்தில் தவழ்ந்து போய்க் கல் உடைத்தவர்கள் அடிமைகள்தான், அந்த வெள்ளியில்தான் சலாமிஸ் கப்பல்கள் கட்டப்பட்டன. ஆனால் அதே நகரத்தில் 375/374 சட்டம் ஒன்று சந்தையில் வெள்ளிக் காசு நல்லதா கள்ளக் காசா என்று சோதிக்கும் அதிகாரத்தை ஒரு பொது அடிமைக்குக் கொடுக்கிறது. அவன் நல்ல காசு என்று சொன்னதை வாங்க மறுத்தால் குடிமகனாக இருந்தாலும் அன்று விற்க வைத்திருந்த சரக்கு பறிமுதல். அவன் தன் இடத்தில் வந்து உட்காராவிட்டால் அவனுக்கு ஐம்பது சவுக்கடி. எரெக்தியோன் கோயில் கட்டிய கூலிக் கணக்கு கல்வெட்டாகவே இருக்கிறது. யார் என்று அடையாளம் தெரிகிற 86 பேரில் குடிமக்கள் 24, மெத்தோயிக்கோஸ் 42, அடிமைகள் 20. தூண் செதுக்கினால் மூவருக்கும் ஒரே கூலி, நாளைக்கு ஒரு திராக்மா, அடிமையின் கூலி முதலாளி பைக்குப் போனது என்பது வேறு. வேலைத்தளத்தில் பார்த்தால் யார் யார் என்று தெரியாது, மாலையில் பினிக்ஸ் குன்றைப் பற்றிப் பேச்சு வந்தால்தான் தெரியும்.

எப்போதாவது ஒருவர் எல்லாப் படியும் ஏறிவிடுவார். பாசியோன் வங்கிக்காரர்களின் அடிமை, விடுதலையாகி, வங்கியைத் தானே நடத்தி, நகரத்துக்கு அள்ளிக் கொடுத்துக் கடைசியில் குடியுரிமையும் வாங்கினார். அவர் மகன் அப்போலோடோரஸ் என்ன செய்தார் தெரியுமா? நியாய்ரா என்ற பெண் வெளியூர்க்காரி, முன்னாள் அடிமை, குடிமகனின் மனைவி போல வாழ்கிறாள், பிள்ளைகளையும் குடிமக்கள் என்று ஏமாற்றுகிறாள் என்று 340கள் வாக்கில் வழக்கு நடத்தினார். ஏணியில் ஏறியதும் ஏணியை எட்டி உதைக்கிற வேலை. அரசியல் பகைதான் உள்காரணம், அவளோடு வாழ்ந்த ஸ்டெஃபனோஸைப் பழிவாங்க வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் 451 சட்டம் ஒரு முடிச்சைப் போட்டது. அம்மாவும் குடிக்குப் பிறந்தவளாக இருந்தால்தான் பிள்ளை குடிமகன் என்றதும் ஒவ்வொரு குடிமகனின் தகுதியும் ஒரு பெண்ணைக் கடந்துதான் வந்தது. ஆனால் அவள் பெயர் ஊர்ப் பதிவேட்டில் ஏறாது, நீதிமன்றத்தில் அவளுக்காக ஆண்தான் பேச வேண்டும், ஒரு மெதிம்னோஸ் (அது ஒரு தானிய அளவு) வாற்கோதுமையின் விலைக்கு மேல் அவள் தானாக எதையும் ஒப்பந்தம் செய்ய முடியாது. ஆனால் நகரத்தின் காவல் தெய்வமான அத்தீனா தேவியின் தலைமைப் பூசாரி ஒரு பெண்.

ஸ்பார்ட்டாவைப் பற்றிக் கேட்காமலே ஒரு வார்த்தை. அங்கேயும் சமமானவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட குடிமக்கள் இருந்தார்கள். ஆனால் பொதுச் சாப்பாட்டுக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டிய மாவும் திராட்சை மதுவும் கொடுக்க முடியாமல் போனால் குடியுரிமை போய்விடும். 480இல் எட்டாயிரம் பேர் என்று ஹெரோடோட்டஸ் சொல்வது அரிஸ்டாட்டில் காலத்தில் ஆயிரத்துக்கும் கீழே. சேர்க்கவே தெரியாத நகரம் அப்படியே மெலிந்து போனது. அதோடு ஒப்பிட்டால் ஏதென்ஸ் தாராளம்தான். ஏழை என்பதற்காக யாரையும் அது நீக்கவில்லை, குறைந்தபட்சம் சொந்த விருப்பத்தில் நீக்கவில்லை.

இவை எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டது 406இல். கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். பெரிக்கிளீஸின் துணைவி அஸ்பேசியா மிலேட்டஸ் நகரத்துக்காரர், எனவே அவர்களுக்குப் பிறந்த பையன், அப்பா போட்ட சட்டத்தாலேயே குடிமகன் இல்லை. 430இல் கொள்ளைநோய் வந்து முதல் மனைவியின் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோனது. வம்சம் அற்றுப்போகும் நிலையில் பெரிக்கிளீஸ் பேரவையிடம் கேட்டார், ஊர் இரங்கி அந்தப் பையனுக்குக் குடியுரிமை கொடுத்தது. அப்பா பெயரையே வைத்துக்கொண்டான். வளர்ந்து தளபதியும் ஆனான்.

406இல் ஸ்பார்ட்டாவோடு போர் கடைசிக் கட்டம், கப்பலோட்ட ஆள் இல்லை. அடிமைகளையும் ஏற்றி முப்பது நாளில் 110 கப்பல்களைக் கிளப்பி அனுப்பினார்கள். லெஸ்போஸ் தீவுக்குப் பக்கத்தில் அர்கினுசாய் என்ற இடத்தில் பெரிய வெற்றி. துடுப்புப் போட்ட அடிமைகளுக்கு விடுதலையும் குடியுரிமையும் கிடைத்தன. ஆனால் இருபத்தைந்து கப்பல்கள் போயின, புயல் வந்ததால் தத்தளித்தவர்களை மீட்க முடியவில்லை. ஊரில் ஆத்திரம். எட்டுத் தளபதிகள் மேல் குற்றச்சாட்டு, இரண்டு பேர் திரும்பி வரவே இல்லை, ஆறு பேர் வந்தார்கள், அதில் இளைய பெரிக்கிளீஸ் ஒருவன். தனித்தனியாக விசாரிக்காமல் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஓட்டு என்று காலிக்ஸேனஸ் தீர்மானம் கொண்டுவந்தான். இது சட்டத்துக்கு எதிரானது என்று சிலர் தடுத்தபோது, மக்கள் விரும்புவதைச் செய்யவிடாமல் தடுப்பது அக்கிரமம் என்று கூட்டம் கத்தியதாக வரலாற்றாசிரியர் செனோஃபோன் எழுதுகிறார். அன்று பொறுப்பிலிருந்த ஐம்பது பேரில் குலுக்கலில் வந்த சாக்ரடீஸும் இருந்தார், சட்டப்படி அல்லாத எதையும் செய்ய மாட்டேன் என்று அவர் ஒருவர் மட்டும் நின்றார். பயனில்லை. ஆறு பேருக்கும் மரண தண்டனை. அடிமைகளாகப் போனவர்கள் குடிமக்களாகத் திரும்பிய அதே போருக்காக, தனிச் சலுகையில் குடிமகனானவனைக் கொன்றார்கள். பின்னால் வருந்தினார்கள், காலிக்ஸேனஸ் எல்லாராலும் வெறுக்கப்பட்டுப் பட்டினியில் செத்தான்.

ஆக, மக்களாட்சியா என்றால், ஆமாம், பினிக்ஸில் கை தூக்கியவர்களுக்கு அது நிஜமான அதிகாரம், யாரைக் கொல்வது, யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது உட்பட. 322இல் மாசிடோனியத் தளபதி அந்திப்பாட்டர் ஏதென்ஸைப் பணியவைத்தபோது மக்களாட்சியை ஒழிக்கப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, கதவின் அளவை மட்டும் மாற்றினான். 2,000 திராக்மா சொத்து உள்ளவனுக்குத்தான் ஓட்டு என்றதும் 9,000 பேர் உள்ளே நின்றார்கள். வெளியே தள்ளப்பட்டவர்கள் அதைவிட அதிகம். அவர்களில் பலர் தூரத்துத் திராஸில் கொடுத்த நிலத்துக்குக் கப்பலேறினார்கள். அவர்களுடைய அப்பா யார், அம்மா யார், குடும்பக் கல்லறை எங்கே என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை.